துருவுக்கு மட்டும் பயந்தவர்

ஸ்டெல்லா, பிரிட்டோ, போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் கேட்டீர்கள். நெய்வேலியில் பழைய பிளாக்கில் இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரரோடு அப்பா ஏன் பேசவே இல்லை என்று. பேசாமல் இல்லை. பேசினேன். நல்லபடியாகப் பேசவில்லை, அவ்வளவுதான். அவர் பெயரை இதில் எழுதப் போவதில்லை. பெயர் எழுதினால் கூடவே மரியாதையும் எழுத வேண்டியிருக்கும்.

அவர் யாருக்கும் கை கொடுக்க மாட்டார். கல்யாண வீட்டில் யாராவது கையை நீட்டினால் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்ப்பார். வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "உப்புக் கை" என்பார், அல்லது "காஞ்ச கை" என்பார். காய்ந்த கைக்காரர்கள் அவருக்குக் கொஞ்சம் தேவலை. உப்புக் கைக்காரர்களை அவருக்குப் பிடிக்காது, வேர்வை உப்பு பட்டால் இரும்பு துருப்பிடிக்கும் என்பார். எனக்கு உள்ளங்கை எப்போதும் வேர்க்கும். அதனால் எனக்கு அவர் வைத்த பெயர் "துருக்கை". மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டும் அது ஓடுகிற ரோலர்களும் பார்க்கிற வேலை எனக்கு. ஷிப்டு முடித்து வந்து வண்டிக்கு ஸ்டாண்டு போடுவதற்குள் வராந்தாவிலிருந்து குரல் வரும்.

"என்னா துருக்கை, இன்னிக்கு எத்தினி ரோலருக்குத் துரு ஏத்திக்கினு வர்ற?"

சிரிப்பதற்காகச் சொல்வது இல்லை. அவர் முகத்தில் சிரிப்பு இருக்காது. நான் நேராக உள்ளே போய்விடுவேன். இரண்டு வீட்டுக்கும் ஒரே வராந்தா. நடுவில் இடுப்பளவு கட்டைச் சுவர். தப்பித்துப் போக வேறு வழி கிடையாது.

இதெல்லாம் எதற்கு என்றால், அவரிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. இரட்டைக் குழல். பட்டாளத்திலிருந்து திரும்பி வருகிறவர்களில் சிலபேர் சொந்தமாகத் துப்பாக்கி வாங்கி, லைசென்ஸ் எடுத்து, பணம் ஏற்றிப் போகிற வண்டிக்குக் காவலாகக் கான்ட்ராக்டில் சேர்வார்கள். அவரும் அப்படித்தான். வேலை கான்ட்ராக்ட், துப்பாக்கி சொந்தம். அவர் வீட்டுக்கார அம்மா ஆஸ்பத்திரியில் பெர்மனென்ட். குவார்ட்டர்ஸ் அந்த அக்கா பெயரில்தான் இருந்தது. அந்த அக்காவை உங்களுக்கு நினைவிருக்கும். டூட்டி முடிந்து வரும்போது உங்களுக்கென்று பையில் வறுத்த வேர்க்கடலை கொண்டுவருவார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் பூசைக்குக் கிளம்புகிற நேரம் அவர் வராந்தாவில் பேப்பர் விரித்து உட்கார்ந்துவிடுவார். வீட்டுக்குள் இடம் இல்லாமல் இல்லை. வெளியேதான் உட்காருவார். துப்பாக்கியைக் கழற்றினால் மூன்று துண்டு: தோளில் வைக்கிற கட்டை, இரண்டு குழல், குழலுக்கு அடியில் கை பிடிக்கிற மரம். ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டு, மறுபடி துடைப்பார். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தால் அவர்களைத் திட்டுவதற்கு அதுவே சாக்கு.

"எட்டி நில்லு. உன் மூச்சுல இருக்கற ஈரம் போதும், நாளைக்குத் துரு பூத்துக்கும்."

துரு விஷயத்தில் அவர் சொன்னது பெரும்பாலும் சரி. அதை மறைக்கக் கூடாது. அனல் மின் நிலையத்துச் சாம்பல் நம் ஊரில் கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில்கூடப் படியும். எண்ணெயை வழிய வழியப் பூசினால் அதில் சாம்பல் ஒட்டும், ஒட்டின சாம்பல் உப்புத்தாள் மாதிரி இரும்பைத் தேய்க்கும் என்பார். தேங்காயெண்ணெய் போட்டால் நாளாக நாளாகப் பிசின் ஆகிவிடும் என்பார். ரெக்சின் உறையில் போட்டு வைப்பவன் மடையன், உறைக்குள் நிற்கிற ஈரம் ஒரே மழையில் குழலைத் தின்றுவிடும் என்பார். இதையெல்லாம் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதற்காகச் சொல்லவில்லை. எதிரே நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது என்று காட்டுவதற்காகச் சொன்னார்.

ஒரு ஆயுத பூஜைக்கு அந்த அக்கா வீட்டிலிருந்த அரிவாள்மணை, இஸ்திரிப் பெட்டி, அவருடைய வண்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். துப்பாக்கிக் குழலிலும் மூன்று பொட்டு வைத்துவிட்டார். அவர் குளித்துவிட்டு வந்து அதைப் பார்த்தார். சந்தனம் தண்ணீரில் குழைத்தது, தண்ணீர் பட்ட இடத்தில் நாளைக்குத் துரு விழும் என்று பிளாக்கே கேட்கும்படி கத்தினார். பொரியும் பழமும் வைத்த தட்டு வராந்தாவுக்குப் பறந்து வந்தது. அதிலிருந்து உருண்டு வந்த எலுமிச்சம்பழத்தைப் பிரிட்டோ எடுத்துக்கொண்டு வந்தான். உங்கள் அம்மா அதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்த அக்கா கீழே உட்கார்ந்து பொரியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவரோ பக்கத்தில் உட்கார்ந்து துப்பாக்கியின் பொட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் விபூதி வைத்துக்கொள்ளவே மறந்துவிட்டார்.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன். துப்பாக்கியை அவர் பூட்டி வைக்கவில்லை. ஹாலில் கட்டிலுக்கு மேலே சுவரில் இரண்டு ஆணி அடித்து, ஆணிக்குத் துணி சுற்றி, அதில் படுக்கவைத்திருந்தார். தெருக்கதவு திறந்தால் முதலில் தெரிவது அதுதான். கட்டிலில் ஏறி நின்றால் சின்னப் பிள்ளைக்கும் எட்டும். சுவருக்கு இந்தப் பக்கம் உங்கள் இரண்டு பேருடைய கட்டில்.

நான் ஒரு நாள் பொறுமையாகப் போய்ச் சொன்னேன். சார், பிள்ளைகள் ஓடி வருகிற வீடு, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள் என்றேன். பீரோ இரும்பு, மழைக்காலத்தில் உள்ளே வேர்க்கும், ஒரே மாசத்தில் துரு பிடிக்கும் என்றார். நியாயம்தான் என்று நினைத்து வீட்டுக்கு வந்து யோசித்தேன். மறுநாள் போய், பீரோவுக்குள் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு போட்டு எரியவிட்டால் அந்தச் சூட்டில் ஈரம் அண்டாது, வயரிங் நானே செய்து தருகிறேன், பல்பும் நானே வாங்கி வருகிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பூட்டி வெச்சிட்டு, திருடன் வந்தா அவனையே சாவி தேடச் சொல்லவா?"

நேற்று வரை துரு. இன்றைக்குத் திருடன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தத் துப்பாக்கி பார்க்கிறவர் கண்ணில் பட வேண்டும், அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. பால்காரர் அந்த வீட்டு வாசல்படி ஏற மாட்டார், பாக்கெட்டை கேட்டிலேயே மாட்டிவிட்டுப் போய்விடுவார். கிரிக்கெட் பந்து அந்தப் பக்கம் போனால் பையன்கள் பந்தை மறந்துவிட்டு வேறு பந்துக்குக் காசு சேர்ப்பார்கள். அவர் எண்ணெய் போட்டுத் துடைத்தது இரும்பை மட்டும் இல்லை. நம் பயத்தையும் சேர்த்துத்தான்.

கடலூர்ப் பக்கம் முழுக்க வெள்ளத்தில் கிடந்த அந்த மழைக்காலம் உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடம் நாள்கணக்கில் இல்லை. சுவரில் கை வைத்தால் ஈரம். செருப்பில் பூசணம் பூத்தது. அந்த வருஷம் தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவருடைய கான்ட்ராக்ட் போய்விட்டது. கம்பெனி மாறியது, புதிதாக வந்தவர்கள் வயதான ஆட்களை எடுக்கவில்லை. கடைசி டூட்டி முடித்துவிட்டு அவர் வந்ததை நான் பார்த்தேன். தொப்பியை வராந்தாவில் எறிந்தார். துப்பாக்கியின் இரண்டு வாயிலும் எண்ணெய்த் துணியை உருட்டித் திணித்தார். உள்ளே போய் ஆணியில் மாட்டினார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கழற்றல் நின்றுபோனது. மழை முடியும்வரை திறக்கக் கூடாது, திறந்தால் ஈரக் காற்று உள்ளே புகும் என்பது அவர் கணக்கு. வெளிப்பக்கம் மட்டும் காலை ஒரு தடவை மாலை ஒரு தடவை துடைத்தார். வேலை இல்லாத மனிதர், வேறு என்ன செய்வார். மைன்ஸில் இருபக்கமும் அடைத்த ரோலர் உள்ளே நின்ற ஈரத்தால்தான் அரிக்கும், அடைத்து வைப்பது நல்லதில்லை சார் என்று நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அவர் உள்ளே திரும்பி அக்காவைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாரேன். துருக்கை எனக்குத் துருவப் பத்திப் பாடம் எடுக்கறான்."

கார்த்திகையில் ஒரு சாயங்காலம். இடி விழுந்து நம் டிவி போயிருந்தது. நீங்கள் இரண்டு பேரும் அக்கா வீட்டில் கார்ட்டூன் பார்க்கப் போனீர்கள். அவர் கடைக்குப் போயிருந்தார், அக்கா அடுப்படியில் இருந்தார். ஸ்டெல்லா, நீ தரையில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாய். பிரிட்டோ கட்டிலில் ஏறித் துப்பாக்கியை இறக்கிவிட்டான். தூக்க முடியவில்லை, கட்டையைக் கட்டிலில் ஊன்றிக்கொண்டு உன் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தான். அந்த நேரம் அவர் உள்ளே வந்தார்.

பளார் என்று சத்தம் எனக்கு நம் வீட்டில் கேட்டது. நான் ஓடினேன். பிரிட்டோ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றான், காதுவரை சிவந்திருந்தது. அவர் அவனைப் பார்க்கவில்லை. துப்பாக்கியை மடியில் வைத்து அவன் தொட்ட இடத்தையெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வேர்வைக் கை. அப்பன் கை அப்படியே இருக்கு" என்றார்.

அவன் என்ன செய்தான் என்று கேட்கவில்லையே, அடிபட்டதா என்று பார்க்கவில்லையே என்று நான் கத்தினேன். பிள்ளை கைக்கு எட்டும்படி மாட்டி வைத்தது யார் என்று கேட்டேன். அவர் துணியை மடித்தார்.

"காலித் துப்பாக்கிய்யா அது. வெறும் இரும்பு. குழாய எடுத்து வெளாடற மாதிரி. அதுக்குப் போயி இம்மாங் கூச்சல் போட்டுக்கினு நிக்கற."

வீட்டுக்கு வந்ததும் பிரிட்டோ உங்கள் அம்மா மடியில் படுத்துக்கொண்டு அழுகை நின்றபிறகு சொன்னான்.

"ஸ்டெல்லாக்காவச் சும்மா சுட்டேன்ம்மா. இழுத்தேன். இறுக்கமா இருந்துச்சு, வரல."

காலிதானே என்று நான் மனதைச் சமாதானம் செய்துகொண்டேன். ஆனாலும் உங்களை அந்த வீட்டுக்கு விடவில்லை. அவர் வீட்டுக் கதவு மட்டும் எப்போதும்போலத் திறந்தே கிடந்தது. அக்கா கடலைப் பொட்டலத்தைக் கட்டைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போவார். எனக்கும் அந்த மனிதருக்கும் நடுவில் பேச்சு அதோடு வெறும் முறைப்பாகிவிட்டது. தை வந்தது, மாசி வந்தது. துணி அடைப்பை அவர் எடுக்கவே இல்லை. எடுத்து எங்கே போக.

பிறகு சட்டமன்றத் தேர்தல் அறிவித்தார்கள். தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும், முடிவு வந்தபிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அவருக்கு அது ஒவ்வொரு தடவையும் சாவு வீடு மாதிரி. ஸ்டேஷனில் மூலையில் சாத்தி வைப்பார்கள், எண்ணெய் காட்ட மாட்டார்கள், கண்டவன் கை படும் என்று புலம்புவார். கொண்டுபோவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை முழுசாகச் சுத்தம் செய்ய வராந்தாவில் பேப்பர் விரித்து உட்கார்ந்தார். நான் மத்தியான ஷிப்டுக்கு ஷூ கட்டிக்கொண்டிருந்தேன். எதிர் வரிசையிலிருந்து இரண்டு பேர் வழக்கம்போல எட்டி நின்று பார்த்தார்கள்.

முதலில் துணி அடைப்பை உருவினார். துணி மஞ்சள் கறையாக வந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. பிறகு நெம்பியைத் தள்ளித் துப்பாக்கியை நடுவில் மடக்கினார்.

வலது குழல் காலி. இடது குழலில் வட்டமாகப் பித்தளை தெரிந்தது. மஞ்சளாக இல்லை. பச்சையாகக் களிம்பு ஏறிக் கிடந்தது.

நான் ஷூவை விட்டுவிட்டு எழுந்தேன். அவர் விரல் நகத்தால் நெம்பினார். அது வரவில்லை, களிம்பு அப்படிப் பிடித்திருந்தது. வீட்டுக்குள் பார்த்துக் குறடு கொண்டுவரச் சொன்னார். அக்கா குறட்டோடு வந்தார். வந்தவர் குறட்டைக் கொடுக்காமல் குனிந்து பார்த்தார். அவர் குறட்டை அக்கா கையிலிருந்து வாங்கி, பித்தளை விளிம்பைப் பிடித்து இழுத்தார். தோட்டா மெதுவாக வெளியே வந்தது. முனை மூடியபடி முழுசாக இருந்தது, சுடாதது.

"இது எப்ப போட்டது?" என்று அக்கா கேட்டார்.

அவர் துணியை எடுத்துத் தோட்டாவின் பச்சையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"உங்களத்தாங்க கேக்கறேன். எப்ப போட்டது?"

"கடைசி டூட்டி அன்னிக்கு."

கடைசி டூட்டி தீபாவளிக்கு முன்னால். பிரிட்டோ கட்டிலில் ஏறியது கார்த்திகையில். இதற்குக் கணக்குப் படித்திருக்க வேண்டியதில்லை.  கட்டைச் சுவரை எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. அவர் சட்டையைப் பிடித்திருந்தேன்.

"காலின்னு சொன்ன. என் மூஞ்சியப் பாத்து காலின்னு சொன்ன."

"சேஃப்டி போட்டுத்தான இருந்துச்சு. ஒண்ணும் ஆவலியே" என்றார்.

அந்தத் துப்பாக்கியில் கட்டைவிரல் நகர்த்துகிற ஒரு சின்ன இரும்புத் தடுக்கு இருக்கும். அது பின்னால் இருந்தால் விசையை இழுத்தாலும் அடிக்காது. பிரிட்டோ இறுக்கமாக இருக்கிறது என்று சொன்னது அதைத்தான். ஒரு விரல் நகம் அளவு இரும்பு. ஸ்டெல்லா, நீ இன்றைக்குக் காலேஜுக்குப் போகிறாய் என்றால் அது அந்த இரும்பு அன்று அந்த இடத்தில் இருந்ததால். காலி என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், பிள்ளைகளே. பட்டாளத்தில் இருந்தவர் சொன்னாலும், எவ்வளவு வயதானவர் சொன்னாலும், திறந்து காட்டச் சொல்லுங்கள். திறந்து காட்டாதவன் வீட்டில் உட்காராதீர்கள்.

நான் ஓங்கின கையை அக்காதான் பிடித்தார்.

"அவர வுடுங்க தம்பி. நான் பேசிக்கறேன்."

பேசினார். குரல் உயரவே இல்லை. அவர் முகத்துக்கு நேராக அந்த அக்கா பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"குவார்ட்டர்ஸ் என் பேர்ல இருக்கு. இது இனிமே இந்த வூட்டுச் செவுத்துல தொங்காது. தொங்கணும்னா நீங்க ஊருக்குப் போயி அங்க மாட்டிக்கினு அதுங்கூடவே இருங்க."

"பீரோவுல வெச்சா துரு புடிக்கும்டி."

"புடிக்கட்டும்."

எதிர் வரிசைக்காரர்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தார்கள். அவர் துப்பாக்கியை மூன்று துண்டாகக் கழற்றி, ஒரு பழைய போர்வையில் சுற்றி, ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார். என்னிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை. துப்பாக்கி இல்லாத அந்த மாதங்களில் அவர் வராந்தாவுக்கே வரவில்லை. பால்காரர் வாசல்படி வரைக்கும் வந்து போனார்.

ஓட்டு எண்ணி முடிந்ததும் துப்பாக்கி திரும்ப வந்தது. ஊருக்குக் கொண்டுபோவார் என்று நினைத்தேன். கொண்டுபோகவில்லை. அக்கா தன் புடவைகளை எடுத்துவிட்டு பீரோவின் ஒரு பக்கத்தைக் காலி செய்திருந்தார். பல்பு போட என்னைக் கூப்பிட்டார். நான் வயர் இழுத்து முடிக்கிறவரை அந்த மனிதர் நாற்காலியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழல் தனி, கட்டை தனி. தோட்டா வேறு ஒரு டிரங்குப் பெட்டியில், அதற்கு வேறு பூட்டு. இரண்டு சாவியும் அக்காவின் கைப்பையில், அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய் அவரோடு திரும்பி வரும்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, உங்களை வீட்டில் விட்டுவிட்டு, நான் மட்டும் போனேன். பார்க்கணும் அக்கா என்றேன். அக்கா சாவியை எடுத்து பீரோவைத் திறந்தார். உள்ளே சிவப்பாக பல்பு எரிந்துகொண்டிருந்தது. குழலை எடுத்து ஜன்னல் பக்கம் நீட்டி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். இந்தக் குழலில் வானம் வட்டமாகத் தெரிந்தது. அடுத்ததிலும் தெரிந்தது.

"ஆபீசருக்குத் திருப்தியா?" என்றார் அவர், நாற்காலியிலிருந்து.

"இன்னிக்குத் திருப்தி. அடுத்த ஞாயித்துக்கிழமையும் வருவேன்" என்றேன்.

"வந்துக்கினே இரு."

போய்க்கொண்டேதான் இருந்தேன். அக்கா ரிடையர் ஆகி அவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறவரை, எனக்கு ஷிப்டு இல்லாத எல்லா ஞாயிற்றுக்கிழமையும் போனேன். ஒரு நாளாவது அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் உட்கார்ந்திருக்க மாட்டேன்.